தோளுக்கேற்ற துவக்கு

செய்தி மேசையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்துவிட்டேன். அக்காலம் முழுவதிலும் ‘துப்பாக்கிச் சூடு’ என்ற சொல்லை எத்தனை தலைப்புகளில் இட்டிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. சுடப்பட்டவரின் பெயர், வயது, ஊர், சன்னம் பாய்ந்த இடம், எடுத்துச் செல்லப்பட்ட வைத்தியசாலை, பிள்ளைகள் எத்தனை பேர் என்பவற்றையெல்லாம் கேட்டுக் கேட்டு எழுதியிருக்கிறேன். சுடுபவரின் தோளுக்கு என்ன நேர்கிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை. ஐம்பதுகளின் நடுவில், கனடாவின் அல்பேர்ட்டா மாகாணத்தில், ஒரு துவக்குக் கடையில் நின்றுதான் அந்தக் கேள்வியை முதன்முதலாகக் கேட்டேன்.

2023ஆம் ஆண்டு செப்டெம்பரில் அக்காவைப் பார்ப்பதற்காகக் கல்கரிக்குச் சென்றிருந்தேன். அக்காவின் இளைய மகளைச் சின்னவள் என்றே எல்லோரும் அழைப்போம். 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்துச் சனம் முழுவதும் மழையில் நனைந்தபடி செம்மணி வெளியால் தென்மராட்சிக்கு நடந்தபோது அவளுக்கு மூன்று வயது. அன்றிரவு அவளை மாறி மாறித் தோளில் சுமந்தவர்களில் நானும் ஒருவன். இன்று அவள் லெத்பிறிட்ஜ் நகருக்கு அப்பால் ஒரு சிற்றூரில் தாதியாகப் பணியாற்றுகிறாள். அப்பகுதியில் கோதுமையும் மாடுகளும் வைத்திருக்கும் குடும்பமொன்றின் மகனைத் திருமணம் செய்திருக்கிறாள். உயரம் ஐந்து அடி. எடை 46 கிலோ. செருப்பைக் கழற்றினால் ஐந்து அடியிலும் சற்றுக் குறையும் என்று அக்கா சொல்வார்.

அவள் வீட்டுக்குப் போன மறுநாள், “மாமா, என்னோட ஒரு கடைக்கு வாறீங்களா?” என்றாள். காரில் ஏறிய பிறகுதான் என்ன கடை என்று சொன்னாள். சொல்லிவிட்டு, “அம்மாவிட்டச் சொல்லிப்போடாதேங்கோ” என்று சேர்த்தாள்.

அக்காவின் வீட்டில் பிள்ளைகளுக்கு விளையாட்டுத் துவக்குக்கூட வாங்கிக் கொடுத்ததில்லை. காரணத்தை நான் விளக்கத் தேவையில்லை. மகளின் வீட்டு நிலவறையில் பூட்டியிருக்கும் இரும்பு அலுமாரிக்குள் மருமகன் ஆயுதங்கள் வைத்திருப்பதாக அவர் நினைத்தது சரிதான். தச்சு ஆயுதங்கள் என்று நினைத்திருந்தார்.

அந்த ஊரில் நவம்பர் மாதம் என்றால் மான் வேட்டை. கனேடியச் சட்டப்படி பாதுகாப்புப் பயிற்சி பெற்று, பரீட்சை எழுதி, துவக்கு அனுமதிப் பத்திரமும் வேட்டைக்கான அனுமதியும் எடுத்துத்தான் போகவேண்டும். சின்னவள் இவை அனைத்தையும் முறைப்படி எடுத்திருந்தாள். அவர்கள் வேட்டையாடுவது இறைச்சிக்காக. ஒரு மான் கிடைத்தால் குளிர்காலத்தின் பெரும்பகுதிக்குப் போதும். அங்குள்ள ‘மியூல்’ மானுக்குக் காதுகள் கழுதையின் காதுகளைப் போல் நீண்டிருக்கும். மரங்களற்ற புல்வெளி என்பதால் அது மனிதரை வெகு தூரத்திலேயே கண்டுவிடும். ஆகவே 200, 300 யார் தூரத்திலிருந்து சுடவேண்டிய நிலை அங்கு சாதாரணம். நம் வன்னிக் காட்டில் முப்பது யாருக்கு அப்பால் எதையும் காணமுடியாது என்பதை நினைத்துக்கொண்டேன்.

2022 நவம்பரில் அவள் முதன்முதலாக வேட்டைக்குப் போனாள். மாமனார் அன்புடன் தம்முடைய பழைய றைபிளைக் கொடுத்தார். அது .300 வின்செஸ்ரர் மாக்னம் என்ற ரவைக்குரியது. 1963இல் வந்த அந்த ரவை பெரிய கரடிக்கும் எல்க் மானுக்கும் போதுமானது. மாமனார் ஆறடிக்கு மேல் உயரமானவர். முதல் நாள் பயிற்சியிலேயே தொலைநோக்கியின் விளிம்பு அவளுடைய புருவத்தைப் பிளந்தது. தோள் ஊதா நிறமாகிப் பத்து நாட்கள் கன்றியிருந்தது. அவள் எவரிடமும் முறையிடவில்லை. வீரமாக இருக்கிறாள் என்று குடும்பத்தில் எல்லோரும் மெச்சினார்கள்.

பிறகு ஒரு மாலை, 150 யார் தூரத்தில் ஒரு மான் பக்கவாட்டில் அசையாமல் நின்றது. அதைவிட எளிதான குறி கிடைக்காது. இதயமும் நுரையீரலும் இருக்கும் இடம் ஒரு சோற்றுக் கோப்பை அளவு. அவள் சுட்டாள். சன்னம் வயிற்றில் பட்டது. மான் விழாமல் ஓடியது. இருட்டும் வரையும், மறுநாள் விடிந்த பின்னரும் இரத்தச் சுவடு பார்த்துத் தேடினார்கள். கிடைக்கவில்லை. இரவில் கொயோட்டிகள் ஊளையிட்டது கேட்டதாம். இதைச் சொன்னபோது அவள் வீதியை மட்டுமே பார்த்துக்கொண்டு காரை ஓட்டினாள். “ஒரு வருசமா நித்திரையில வருது மாமா” என்றாள்.

வேட்டையை விட்டுவிடலாமே என்று நான் சொல்லியிருக்கலாம். வாயில் வந்தது. அதற்கு முன் அவளே சொன்னாள்: “விடுறதெண்டால் விடலாம். இறைச்சி தின்னுறதை விடேல்லையே.”

கடைக்காரர் இனிமையான மனிதர். சின்னவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மலை வேட்டைக்கென்று செய்யப்பட்ட, ஐந்தரை இறாத்தல் எடையுள்ள ஒரு றைபிளை எடுத்துக் கொடுத்தார். சிறிய பெண்ணுக்குச் சிறிய துவக்கு, தூக்க இலகு. அவளும் தூக்கிப் பார்த்து முகம் மலர்ந்தாள். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. நிருபர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. நியாயமாகப் படும் இடத்தில் இன்னொரு கேள்வி கேட்பார்கள். “இது எவ்வளவு உதைக்கும்?” என்று கேட்டேன். அவர் சிரித்து, கொஞ்சம் உதைக்கும்தான், பழகிவிடும் என்றார்.

அன்று நாங்கள் எதையும் வாங்கவில்லை. வீட்டுக்கு வந்து மருமகனோடும் அவருடைய தந்தையோடும் சமையலறை மேசையில் அமர்ந்து கணக்குப் பார்த்தோம். கலைப் பட்டதாரியான நான் பௌதிகவியலைச் சாதாரண தரத்தோடு கைவிட்டவன். இருந்தும் நியூட்டனின் மூன்றாம் விதி மறக்கவில்லை. சன்னமும் அதன் பின்னால் பாயும் வெடிமருந்துப் புகையும் முன்னே போகும் உந்தம் எவ்வளவோ, அவ்வளவு உந்தத்தோடு துவக்கு பின்னே வரும். துவக்கு எடை கூடியதாக இருந்தால் மெதுவாக வரும்; எடை குறைந்ததாக இருந்தால் வேகமாக வரும். தோளில் விழும் சக்தி அந்த வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். சிறிய உடம்புக்கென்று கடைகளில் எடுத்துக் கொடுக்கப்படும் மெல்லிய துவக்கே அந்த உடம்பை அதிகமாக அடிக்கும்.

எண்களில் சொன்னால் இன்னும் விளங்கும். துவக்குக்காரர்கள் பின்னுதைப்பை அடி-இறாத்தல் கணக்கில் சொல்வார்கள். தொலைநோக்கியோடு எட்டு இறாத்தல் எடையுள்ள றைபிளில் மாமனாரின் .300 மாக்னம் 25க்கு மேல் உதைக்கும். 1906இல் அமெரிக்க இராணுவத்துக்காக வந்து பின்னர் வட அமெரிக்காவின் பொது வேட்டை ரவையாகிவிட்ட 30-06 ஏறத்தாழ 20. 2007இல் ஹோர்னடி நிறுவனம் கொண்டுவந்த 6.5 கிறீட்மோர் 12 அளவில். அதே கிறீட்மோரை ஆறு இறாத்தல் துவக்கில் வைத்தால் 16ஐத் தொட்டுவிடும். ரவையை மாற்றியதால் கிடைக்கும் இலாபத்தில் ஒரு பங்கை எடைக் குறைவு தின்றுவிடுகிறது. வேட்டை நாளில் துவக்கைத் தூக்கிக்கொண்டு சில மணி நேரம் நடக்கவேண்டும் என்பது உண்மைதான். ஆனால் வைத்தியசாலையில் நோயாளரைப் புரட்டி எடுக்கும் ஒரு தாதிக்கு எட்டு இறாத்தல் பெரிய சுமையன்று. அதற்கு ஒரு தோல் வார் போதும்.

மாமனார் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. பெரிய மிருகத்துக்குப் பெரிய துவக்கு என்பது அவர் தலைமுறையின் நம்பிக்கை. அது பழைய நம்பிக்கையும்கூட. நமது நுவரெலியாவில் குடியிருந்து, வேட்டைக் கதைகளால் புகழ்பெற்ற சாமுவேல் பேக்கர், பின்னாளில் ஆபிரிக்காவுக்கு அரை இறாத்தல் குண்டு சுடும் துவக்கொன்றைக் கொண்டுபோனார். அதற்குச் செல்லமாகக் ‘குழந்தை’ என்று பெயரிட்டார். அது சுடும்போதெல்லாம் அவரையே சுழற்றி எறிந்தது. அதைச் சுடத் தாம் அஞ்சியதாக அவரே எழுதியிருக்கிறார். இதற்கு எதிர்ப்புறத்தில் நிற்பவர் ஜிம் கோர்பெட். சம்பாவத்துப் பெண்புலியைக் கொன்றதற்காக 1907இல் அவருக்குப் பரிசாகக் கிடைத்த ரிக்பி றைபிள் .275 என்ற அளவினது. ஜேர்மனியில் 1892இல் பிறந்த 7 மில்லிமீற்றர் மவுசர் ரவையின் ஆங்கிலப் பெயர்தான் அது. உதைப்பு மிதமான, மெலிந்த ரவை. ஸ்கொட்லாந்துக்காரரான பெல் அதே ரவையால் ஆபிரிக்காவில் நூற்றுக்கணக்கான யானைகளை வீழ்த்தினார். அந்தக் கொலைக் கணக்கு இன்று படிக்கக் கூசுகிறது. ஆனாலும் சன்னத்தின் பருமனைவிட அது எங்கே படுகிறது என்பதே பெரிது என்பதற்கு அதைவிடக் கொடூரமான சாட்சி இல்லை. சுவீடனிலும் நோர்வேயிலும் 1894ஆம் ஆண்டின் 6.5 மில்லிமீற்றர் ரவையைக் கொண்டு, குதிரையளவு பருத்த மூஸ் மான்களை இன்றும் வேட்டையாடுகிறார்கள் என்று மருமகன் எடுத்துக் காட்டியபோதுதான் பெரியவர் தலையசைத்தார்.

.243 வின்செஸ்ரர் பற்றியும் பேசினோம். 1955இல் வந்த அந்த ரவை ஒன்பது, பத்துக்கு மேல் உதைக்காது. அமைதியான காட்டோரத்தில் மானுக்கு அது போதும். ஆனால் லெத்பிறிட்ஜ் பக்கம் காற்றுக்குப் பேர்போன இடம். ‘சினூக்’ என்ற மலைக்காற்று வீசினால் கார்க் கதவைத் திறக்க இரண்டு கை வேண்டும். பாரம் குறைந்த சன்னத்தைக் காற்று எளிதில் ஒதுக்கிவிடும். கிறீட்மோரின் சன்னம் மெலிந்து நீண்டது. காற்றைக் கிழித்துக்கொண்டு போகும். அதையும்கூட மணிக்குப் பத்து மைல் வேகப் பக்கக் காற்று 300 யாரில் ஏறத்தாழ ஐந்து அங்குலம் தள்ளிவிடும். 7எம்எம்-08 என்ற இன்னொரு ரவையும் ஏறத்தாழ இதே உதைப்பு, இதே ஆற்றல். அதை எடுத்திருந்தாலும் பிழையில்லை. அந்தச் சிற்றூரின் கடைத் தட்டில் எப்போதும் இருப்பது கிறீட்மோர் என்பதால் அது வென்றது.

ஆனால் இந்த விடயத்தில் நான் கண்ட பெரிய செய்தி ரவை பற்றியதன்று, பிடங்கு பற்றியது. விசையிலிருந்து பிடங்கின் பின்முனை வரையுள்ள நீளம் சாதாரணமாகப் பதின்மூன்றரை அங்குலத்துக்குக் குறையாது. அது சராசரி ஆணின் கைக்கு அளந்தது. சின்னவளின் கை அந்த நீளத்துக்கு எட்டாது. எட்டாதபோது உடம்பைப் பின்னால் வளைத்து, கழுத்தை முன்னால் நீட்டி, பிடங்கைத் தோளின் குழியில் வைக்காமல் புயத்து எலும்பின் மேல் வைத்துச் சுட்டிருக்கிறாள். கழுத்தை நீட்டியதால் கண் தொலைநோக்கிக்கு மிக அருகில் போயிருக்கிறது. மூன்றரை, நான்கு அங்குல இடைவெளி இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு அங்குலம். புருவம் பிளந்தது அதனால்தான். அவள் பலவீனமானவள் என்பதால் அன்று. இன்னொருவரின் சட்டையை அணிந்திருந்தாள் என்பதால்.

இறுதியில் எடுத்தது சவேஜ் 110 என்ற றைபிள். பிடங்கின் முனையில் சிறு துண்டுகளைச் சேர்த்தும் கழற்றியும் நீளத்தைப் பன்னிரண்டே முக்கால் அங்குலம் வரை குறைக்கலாம். கன்னம் பதியும் மேட்டையும் அவ்வாறே மாற்றலாம். தொலைநோக்கியோடு எட்டு இறாத்தலுக்குச் சற்று மேல். பின்முனையில் தடித்த இறப்பர் மெத்தை. குழலின் வாயில் பூட்டும் ‘பிறேக்’ ஒன்றையும் கடையில் காட்டினார்கள். அது புகையைப் பக்கவாட்டில் திருப்பி உதைப்பைக் கணிசமாகக் குறைக்கும். ஆனால் வெடியோசையையும் பக்கத்தில் நிற்பவரின் காதுக்குத் திருப்பிவிடும். றைபிளின் ஓசை ஏற்கனவே செவியைக் கெடுக்கும் அளவைத் தாண்டியது. பின்லாந்திலும் நோர்வேயிலும் ஓசையடக்கியை வேட்டைக்காரர்கள் சாதாரணமாகப் பாவிக்கிறார்கள்; கனடாவில் அதற்குத் தடை. ஆகவே பிறேக் வேண்டாம் என்று தீர்மானித்தோம். காதுக்குள் ஓர் அடைப்பான், அதன் மேல் ஒரு கவசம் என்று இரண்டு பாதுகாப்பும் போட்டுக்கொண்டாள். அச்சத்தில் பாதி காதின் வழியாகத்தான் நுழைகிறது. இதை எனக்கு எந்தத் துவக்குக்காரரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பயிற்சித் திடலுக்கு நானும் போனேன். புதிய துவக்கு, புதிய ரவை, எல்லாம் சரி. இருந்தும் அவளுடைய குறி தாழ்ந்தே விழுந்தது. அப்போது மாமனார் ஒரு வேலை செய்தார். துவக்கைத் தாமே வாங்கி, அவள் பாராமல் நிரப்பிக் கொடுத்தார். சில தடவை உண்மை ரவை. சில தடவை வெடிக்காத போலி ரவை. எது உள்ளே இருக்கிறதென்று அவளுக்குத் தெரியாது. மூன்றாவது தடவை விசையை இழுத்தாள். ‘டிக்’ என்ற ஓசை மட்டும். துவக்கு அசைந்திருக்கவே கூடாது. குழல் வாய் இரண்டு அங்குலம் கீழே குத்தியது. அவளுடைய கண்கள் இறுக மூடியிருந்தன. எல்லோரும் கண்டோம். அவளும் உணர்ந்தாள். அடி விழுவதற்கு முன்னரே உடம்பு அடியை எதிர்பார்த்துத் திடுக்கிடுகிறது. 150 யாரில் அந்தத் திடுக்கம்தான் மானின் நெஞ்சை வயிறாக்கியது.

பெரியவர் துவக்கைக் கீழே வைத்தார். அவளிடம் நேரடியாகச் சொல்ல முடியாமல் என்னைப் பார்த்து, தான் கொடுத்த துவக்குத்தான் இந்தப் பிள்ளைக்கு இதைப் பழக்கிவிட்டது என்றார். சற்று நேரம் எவரும் பேசவில்லை.

அதன் பிறகு, அனுமதி பெற்ற இருவரின் நேரடிக் கண்காணிப்பில், என்னையும் ஒரு தடவை சுட்டுப் பார்க்கச் சொன்னார்கள். நான் துவக்கைத் தொட்டு நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தது. பன்னிரண்டு வயதில், ஒட்டுசுட்டான் பக்கத்தில் வயல் செய்துகொண்டிருந்த எங்கள் மாமாவின் இடியன் துவக்கை ஒருநாள் கெஞ்சி வாங்கினேன். வாய் வழியே மருந்தும் தும்பும் குண்டும் இட்டுக் கோலால் இடித்து நிரப்புவதால் அது இடியன். பன்றியை விரட்ட வைத்திருந்தார். “இறுக்கி அணைச்சுப் பிடியடா, விட்டுப் பிடிச்சால் உதைக்கும்” என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் விசையை இழுத்து, வரம்பில் மல்லாந்து விழுந்தேன். அதற்குப் பிறகு நான் அறிந்த துவக்குகள் எல்லாம் மற்றவர்களின் கைகளில் இருந்தவை.

சின்னவள் எனக்குக் காதுக் கவசத்தை மாட்டிவிட்டாள். விசையை இழுத்தேன். ‘டிக்.’ போலி ரவைதான். ஆனால் என் உடம்பு முழுவதும் உதறியது. குழல் நிலத்தைப் பார்த்தது. மருமகன் சிரிக்கத் தொடங்கி, என் முகத்தைக் கண்டு நிறுத்திக்கொண்டார். சின்னவள் என் முதுகில் கையை வைத்து, “இது துவக்கு உதைச்சு வந்ததில்லை மாமா, என்ன?” என்று தமிழில் கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை.

அவளுக்கு மருந்து எளிதாக இருந்தது. நான் திரும்பி வந்த பின்னரும் வாரத்துக்கு இரண்டு நாள் .22 என்ற சிறு ரவைத் துவக்கால் மட்டும் சுட்டாள். அதற்கு உதைப்பே இல்லை. வீட்டில் இரவு வெறுந்துவக்கின் விசையை மெல்ல அழுத்திப் பழகினாள். குழலின் மேல் ஒரு நாணயத்தை வைத்து, அது விழாதபடி. பெரிய துவக்கில் ஒரு நாளைக்குப் பத்து ரவைக்கு மேல் இல்லை; நொந்தால் அதற்கு முன்பே நிறுத்தம். ஒக்ரோபர் இறுதியில் பத்துப் போலி ரவைகளில் ஒன்றுக்குக்கூட அசையவில்லை என்று செய்தி அனுப்பினாள்.

தூரத்துக்கு ஓர் எல்லையும் வகுத்துக்கொண்டாள்: 250 யார். 200 யாருக்குச் சீர்செய்த கிறீட்மோரின் சன்னம் 300இல் எட்டு அங்குலமும் 400இல் இருபத்திரண்டு அங்குலமும் தாழும். அதற்கு அட்டவணை உண்டு. 400 யாரைக் கடக்க அதற்கு அரை நொடி ஆகும். அந்த அரை நொடியில் மான் ஓர் அடி எடுத்து வைக்காது என்பதற்கு எந்த அட்டவணையும் இல்லை. தொலைதூரத் துவக்கு கையில் இருப்பதால் தொலைதூரத்தில் சுட்டே ஆகவேண்டும் என்பதில்லை என்று அவள் எழுதியிருந்தாள். நவம்பர் முதல் கிழமையில் 340 யாரில் நல்ல மானொன்று நின்றதாம். மருமகன் தூரத்தை அளந்து சொன்னார். அவள் துவக்கிலிருந்து ரவையைக் கழற்றிவிட்டு, அது மேய்ந்து முடிக்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தாளாம்.

கடைசிக் கிழமையில் 180 யாரில் இன்னொன்று. ஒரே ரவை.

இதற்கிடையில் நான் அக்காவிடம் எதையும் சொல்லவில்லை. செய்தியின் மூலத்தைக் காட்டிக்கொடுக்காத பழக்கம். டிசெம்பரில் சின்னவளே இறைச்சிப் பொதியோடு கல்கரிக்குப் போய், மேசையில் வைத்து, எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். பிளந்த புருவத்தின் தழும்பு, முதல் வருடத்து மான், நித்திரையில் வந்தது, மாமா கடைக்கு வந்தது, எல்லாம். அன்றிரவே அக்கா என்னைத் தொலைபேசியில் அழைத்தார். முதலில் எனக்கு ஏச்சு விழுந்தது. அது நியாயமான ஏச்சு. பிறகு சொன்னார்: “நான் அவளிட்ட ஒண்டுதான் கேட்டனான். கனக்கத் துடிச்சதோ எண்டு.”

“என்ன சொன்னவள்?”

“இல்லையாம். நிண்ட இடத்திலயே விழுந்ததாம்.”

தொலைபேசியில் சற்று நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு தாச்சியில் கடுகு வெடிக்கும் சத்தம். “பொறு, அடிப்பிடிக்கப் போகுது” என்று சொல்லிவிட்டு அக்கா தொலைபேசியை வைத்தார்.